தாங்கும் இடத்தைக் குறித்து அனுப்புங்கள்

நீண்டகரையிலோ விழிஞ்சத்திலோ வாங்கிய பழைய ஃபைபர் வள்ளம் நாகப்பட்டினம் கரைக்கு வந்து சேரப் பெரும்பாலும் லாரிதான் வழி. விசைப்படகு என்றால் கடல்வழியே வரலாம். குமரிமுனையைச் சுற்றி, மன்னார் வளைகுடா ஏறி, பாம்பனில் துறைமுக அலுவலகத்தின் அனுமதியோடு தூக்குப்பாலம் திறக்கும்வரை காத்திருந்து, பாக் நீரிணைக்குள் நுழைய வேண்டும். அதற்கும் நாள் பார்த்தாக வேண்டும். நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அது முடியும் முன்பே கேரளத்தில் தொடங்கிவிடும் தடை ஜூலை 31 வரை நீளும். படகு கரையேறி நிற்கும் இந்த மாதங்களில்தான் வாங்குபவரால் அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்க முடிகிறது. விலை பேசி முடித்த பிறகோ, கடலிறக்கிக் கொண்டுவர வழியில்லை.

வள்ளத்துக்கு வருவோம். தண்ணீரில் மிதக்கும்போது அதன் எடையை அடிப்பகுதி முழுவதும் பகிர்ந்து தாங்குகிறது. லாரியில் அதே எடை இரண்டு பழைய டயர்கள் மீதும் நான்கு மணல்மூட்டைகள் மீதும் இறங்குகிறது. அவை உள்ளிருக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு நேர் கீழே அமைந்தால் பிழைத்தோம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே அமைந்தால், ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த மெல்லிய தோல் உள்ளே அமுங்கி மீளும். இறக்கும் அன்று வெளியே ஒன்றும் தெரியாது. கடலில் சில வாரம் ஓடிய பிறகுதான் ஜெல்கோட் என்ற மேற்பூச்சில் நட்சத்திர வடிவில் மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் கொடுக்கும். நாணயத்தால் தட்டினால் கணீரென்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஒலி வரும். அப்போது பழி விற்றவர் மீதோ கட்டிய யார்டின் மீதோ விழுகிறது. சாலையில் பட்ட அடி கணக்கில் வருவதே இல்லை.

லாரியில் கயிறு கட்டுவதிலும் இதே அலட்சியம்தான். கயிற்றை விளிம்புக்கு மேலாக வீசி இறுக்கினால் இரண்டு பக்கமும் உள்வாங்கும். கட்டும் இடத்தில் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைச் செருகிவிட்டு இறுக்க வேண்டும். நைலான் கயிறு இழுபடும். புறப்பட்ட சிறிது தூரத்திலேயே வண்டியை நிறுத்தி மறுபடி முறுக்கியாக வேண்டும். மோட்டாரைப் பின்பலகையில் மாட்டியபடியே அனுப்புவதை யாரும் அனுமதிக்கக் கூடாது. தண்ணீர் வடியும் அடைப்பைக் கழற்றி வைக்கவும் வேண்டும். வழியில் மழை பிடித்தால் உள்ளே தேங்கும் நீர் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் என்று ஏறிக்கொள்ளும்.

28 அடி வள்ளத்தை 24 அடி லாரியில் ஏற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் அமரத்தில் சிவப்புத் துணி கட்டினால் போதும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, வண்டிக்கு வெளியே சரக்கு நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். ஆரியங்காவு, புளியரை வளைவுகளில் அப்படி நீண்ட அமரம் எதிர்த்தடத்தில் வருபவர்மேல் வீசும் என்பதை நினைத்தால் இந்தத் தொகை அதிகமில்லை. மேடை நீளமான வண்டியைக் கேட்டு வாங்குங்கள். அகலத்தையும் அளந்து பாருங்கள்: 2.6 மீட்டர்தான் வண்டிக்கு வரம்பு. அளவு மீறிய சரக்கு என்று ஆகிவிட்டால், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடியாகும் இ-வே பில் (சரக்கு நகர்வுச் சீட்டு) 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று சுருங்கிவிடும்.

இழப்பீட்டு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் லாரி நிறுவனத்தின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. நாம் எழுதிக் கொடுத்த மதிப்பு அதைவிடக் குறைவென்றால் அந்த மதிப்போடு சரி. வாடகை 20,000 என்றால் எந்தச் சேதத்துக்கும் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கூடுதல் கட்டணம் செலுத்தி அதிகப் பொறுப்பை எழுதி வாங்கவும் சட்டத்தில் இடமுண்டு. வழக்குக்குப் போவதென்றால், சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். வெடிப்பு தாமதமாகத் தெரியும் பொருளுக்கு இது குறுகிய அவகாசம். எனவே ஏற்றும் முன்பும் இறக்கிய உடனும் அடிப்பகுதியைப் படம் எடுத்து, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி வைப்பதைத் தரகர்கள் வழக்கமாக்க வேண்டும்.

ஆனால் நாம் முதன்மையாகக் கேட்பது யார்டுகளிடம். குறுக்குச் சட்டம் எங்கே இருக்கிறது என்பது கட்டியவருக்குத் தெரியும். தளம் மூடிய பிறகு இரண்டாவது உரிமையாளருக்குத் தெரியாது, சுமை ஏற்றும் தொழிலாளிக்கு நிச்சயம் தெரியாது. பதிவு எண் எழுதும் அதே கையோடு, தாங்கக் கூடிய இடங்களுக்கு நேராக விளிம்பின் இரு புறமும் ஒரு சாண் நீளக் கோடு போட்டுவிடுங்கள். கயிறு கட்டும் இடத்துக்கு வேறு நிறம். ஒரு சிறு டப்பா பெயின்ட்டும் அரை மணி நேரமும் போதும். பழுதுபார்க்க வரும் பழைய வள்ளங்களுக்கும், தளத்தைத் திறக்கும்போது அளந்து குறித்துக் கொடுக்கலாம். வருகிற தடைக்காலத்தில் கரையேறும் படகுகளிலிருந்தே இதைத் தொடங்குமாறு கட்டுநர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.