பிள்ளையின் உடம்பும் பெற்றோரின் நாவும்



பிள்ளை பசித்திருக்கக் கூடாது என்று எண்ணாத தாய் இல்லை. பிள்ளைக்கு நோய் வரக் கூடாது என்று எண்ணாத தந்தையும் இல்லை. ஆயினும் இவ்விரு நல்லெண்ணங்களும் நம் நாவிலிருந்து வெளிப்படும்போது எந்த வடிவத்தைப் பெறுகின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! "இன்னும் ஓர் அகப்பை போட்டுக்கொள்" என்று பகலில் வற்புறுத்தும் அதே வாய், "இப்படியே பெருத்துக்கொண்டு போனால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று இரவில் கேட்கிறது. மகன் மெலிந்திருந்தால் "நோஞ்சான்". மகள் பருத்திருந்தால் "பூசணிக்காய்". செல்லப் பெயர்கள்தாமே என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எட்டு வயதில் பிள்ளையும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கும். பதின்மூன்று வயதில் அது சிரிப்பதில்லை. கண்ணாடியின் முன் போய் நிற்கிறது.

வளரும் பருவம்

பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்பர். வளர்ந்த மனிதனின் எடையில் ஏறத்தாழப் பாதி வரை இந்த ஆண்டுகளில்தான் சேருகிறது. பெண் பிள்ளைகளுக்கு இவ்வளர்ச்சி ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பூப்பெய்தும் காலத்தை ஒட்டி அவர்களின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது இயல்பு. படைத்தவன் அமைத்த ஏற்பாடு. ஆண் பிள்ளைகளிற் பலர் முதலில் உயர்ந்துவிடுவர். சதைப்பற்று அதன் பின்னரே வரும். ஆகவே "திடீரென்று ஊதிவிட்டாள்", "ஒட்டடைக்குச்சி போல் ஆகிவிட்டான்" என்று நாம் குறை காண்பவற்றுள் பெரும்பகுதி குறையே அன்று; வளர்ச்சி. உண்மையில், வளர வேண்டிய வயதில் எடை குறைந்துகொண்டே போவதுதான் கவலைக்குரியது.

நபிவழி காட்டும் பண்பு

ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் திருக்குர்ஆன் நாற்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் தடுத்துள்ளது. அத்தடை வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுமா? பெற்ற பிள்ளைக்கு அதில் விலக்கு உண்டா?

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மிக மெலிந்தவை. மிஸ்வாக் குச்சி பறிக்க அவர்கள் மரமேறியபோது காற்றில் ஆடை விலகவே, அம்மெலிந்த கால்களைக் கண்டு அங்கிருந்தோர் சிரித்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிரிப்பைக் கடந்து போகவில்லை. மறுமையின் தராசில் அக்கால்கள் உஹது மலையினும் கனமானவை என்று சொல்லித் திருத்தினார்கள். மனிதனை எந்தத் தராசில் நிறுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமோ?

அப்படியானால் உணவைப் பற்றிப் பிள்ளைக்கு எதையும் சொல்லலாகாதா? சொல்லலாம், எப்படிச் சொல்வது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. நாயகத்தின் பொறுப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவர், உண்ணும்போது தட்டின் எல்லாப் பக்கமும் கைவிட்டுத் துழாவினார். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகில் உள்ளதிலிருந்து எடுக்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுத் தந்தார்கள். மூன்றே அறிவுரைகள்; மூன்றும் உண்ணும் முறையைப் பற்றியவை. சிறுவனின் உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன்பின் தம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பிள்ளையோடு அமர்ந்து ஒரே சஹனில் உண்கிறவரின் சொல் இப்படித்தான் நிலைக்கும்!

இக்கால ஆய்வும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோர் எடையைப் பற்றிப் பேசும் வீடுகளில், பிள்ளைகள் பட்டினி கிடத்தல் போன்ற தீய வழிகளில் எடை குறைக்க முற்படுவது மிகுதி. பருத்த பிள்ளைகளிடம் தாய்மார் எடையை விடுத்து நல்லுணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளிலோ அது குறைவு. எடைப் பேச்சையும் கேலியையும் தவிர்த்து, குடும்பமாகச் சேர்ந்து உண்ணுமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2016இல் வலியுறுத்தியது.

ஒரு சொல் செய்யும் வேலை

எம் மதரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தி ரமளான் மாதத்தில் பாடத்தின் நடுவே மயங்கிச் சாய்ந்தாள். விசாரித்தபோது தெரிந்தது: ஸஹரில் தண்ணீர் மட்டும், இஃப்தாரில் அரைக் குவளைக் கஞ்சி. மகளுக்கு நோன்பில் எத்துணைப் பற்று என்று வீட்டார் பூரித்திருந்தனர். அவளோ, வலீமா விருந்தொன்றில் உறவுக்காரப் பெண்மணி சொன்ன ஒரு சொல்லைச் சுமந்துகொண்டிருந்தாள். அல்லாஹ்வுக்காக நோற்க வேண்டிய நோன்பின் நிய்யத்தையே அந்தச் சொல் கலைத்துவிட்டது. ஸஹர் உணவில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியை அவளுக்கு ஓதிக் கொடுத்தோம். விருந்தில் பேசியவருக்கு யார் ஓதிக் கொடுப்பது?

இன்னொன்றையும் எண்ணுங்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். பருத்த பெண்ணுக்கும் இரத்தச்சோகை இருக்கக் கூடும். "சோற்றைக் குறை" என்று அவளிடம் சொல்லும்போது, ஏற்கெனவே குறைவாயிருக்கும் கீரையும் ஈரலும் இறைச்சியும் சேர்ந்தே குறைந்துவிடுகின்றன. ஆண்கள் உண்டு எழுந்தபின் மிஞ்சியது பெண்ணுக்கு என்னும் வழக்கமும், சாப்பாட்டோடு தேநீர் அருந்தி இரும்புச்சத்து உடலில் சேராமற் செய்யும் பழக்கமும் நம் வீடுகளை விட்டு நீங்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

"நீ" என்ற சொல்லை விடுத்து "நாம்" என்று பேசுங்கள். "நீ இனிப்பைத் தொடாதே" என்பது தண்டனை. "நம் குடும்பத்தில் சர்க்கரை நோய் இருக்கிறது; இனி வாரநாட்களில் குளிர்பானம் வாங்க வேண்டாம்" என்பது குடும்பத்தின் முடிவு. தம்பிக்குப் பிரியாணியும் அக்காளுக்குச் சுண்டலும் வைக்காதீர்கள். இஃப்தாரில் வடையும் சமோசாவும் குறைய வேண்டுமானால் வாப்பாவின் தட்டிலும் குறையட்டும். மகனை "நடந்து வா" என்று அனுப்பாமல், பஜ்ருக்குப் பின் அவனோடு சேர்ந்து நடங்கள்.

தாய்மார்களே! உங்கள் உடம்பை நீங்களே பழித்துப் பேசுவதை மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை மறவாதீர்கள்.

"உம்மா, நான் குண்டாகவா இருக்கிறேன்?" என்று மகள் கேட்டால், ஆம் என்றும் இல்லை என்றும் விரைந்து தீர்ப்புக் கூற வேண்டாம். "ஏன் கேட்கிறாய்? யாரும் எதுவும் சொன்னார்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பின்னால் வகுப்புத் தோழியின் கேலியோ, கைபேசியில் கண்ட படமோ இருக்கும்.

விருந்தினர் முன்னிலையில் உங்கள் பிள்ளைக்கு அரணாக நில்லுங்கள். உறவினர் ஒருவர் அவள் உடம்பை விமர்சிக்கும்போது, பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டால் அவளுக்கு ஒதுங்க இடம் ஏது? "மாமி, உடம்பை விடுங்கள்; அவள் எத்தனை ஜுஸ்உ ஓதி முடித்திருக்கிறாள் என்று கேளுங்கள்" என்று சொன்னால், மாமியின் மரியாதையும் குறையாது; மகளின் மானமும் காக்கப்படும்.

உண்மையிலேயே எடை குறித்து ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வயதையும் உயரத்தையும் கணக்கிட்டு அவர் சொல்லட்டும். பிள்ளை எல்லோருடனும் உண்ண மறுத்தல், உணவை ஒளித்துவைத்தல், உண்டவுடன் குளியலறைக்குச் சென்று தாழிட்டுக்கொள்ளுதல், மயக்கம், மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது பிடிவாதம் அன்று. மருத்துவம் வேண்டும் நோய். சத்து மாவு என்ற பெயரில் மகன் வாங்கி வரும் டப்பாக்களையும், மெலிவதற்கென்று மகள் வாங்கும் பொடிகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளின் உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கு நல்லுணவு ஊட்டுவது எவ்வளவு கடமையோ, அதன் மீது கல்லெறியாமல் நாவைக் காப்பதும் அவ்வளவு கடமை. இன்றிரவு சஹனைச் சுற்றி அமரும்போது, யாருடைய உடம்பைப் பற்றியும் பேசாமல் பிள்ளைகளின் அன்றைய நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

நம் நாவுகளை நம் பிள்ளைகளுக்கு நிழலாக்கி வைக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.