படுக்கையருகே வரட்டும் கணினி: செவிலியர் சங்கத்தின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
அரசு மருத்துவமனைச் செவிலியர் சங்கம்,
மாவட்டக் கிளை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள கணினிப் பதிவு முறைகளைச் செவிலியர் பணிக்கும் நோயாளர் கவனிப்புக்கும் உதவும்படி சீரமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கணினி வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மனுவை எழுதவில்லை. பதிவேட்டை விட மனமில்லாதவர்கள் செவிலியர்கள் என்றொரு பேச்சு அவ்வப்போது எங்கள் காதில் விழுவதால் இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். எங்கள் குறை வேறு. வார்டில் நாங்கள் பதியும் எண்கள் மேலே போகின்றன, அறிக்கையாகின்றன, ஆய்வுக் கூட்டத்தில் திரையில் ஓடுகின்றன. ஆனால் எந்த நோயாளியின் உடம்பிலிருந்து அந்த எண்ணை எடுத்தோமோ, அவரைக் கவனிக்க அது எங்களிடம் திரும்பி வருவதில்லை.

திரும்பி வரும்படி செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்கும் பிக்மி பதிவைச் சொல்லலாம். கர்ப்பம் உறுதியானதும் தாய்க்கு ஆர்சிஹெச் எண் கிடைக்கிறது. 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படுகிறது. முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். சேலத்தில் பதிந்த பெண் திருநெல்வேலியில் வலியோடு வந்து இறங்கினாலும், அவருக்கு ரத்த சோகை இருந்ததா, ரத்த அழுத்தம் ஏறியிருந்ததா என்பதை அந்த எண்ணைக் கொண்டு பார்க்க வழியுண்டு. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னொரு சான்று. உயரத்துக்கேற்ற எடை, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பன போன்ற சிலவற்றை நோய் உறுதியானதும் பார்க்கிறோம். யாரை உடனே உள்நோயாளியாகச் சேர்ப்பது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. எண்ணை எடுத்த இடத்திலேயே அது முடிவாகிறது. நாங்கள் கேட்பது இந்த வகைத் தொழில்நுட்பத்தைத்தான்.

இனி வார்டுக்கு வருவோம். இரவுப் பணியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸின் மேசையில் டிபிஆர் சார்ட், இன்டேக்–அவுட்புட் சார்ட், ட்ரீட்மென்ட் சார்ட், ரிப்போர்ட் புக், சென்சஸ் நோட்டு, டயட் சீட்டு, இன்டென்ட் புத்தகம் எல்லாம் இருக்கும். நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு ஒரு மூதாட்டி வந்து சேர்ந்தால் அவர் பெயரும் வயதும் ஐபி எண்ணும் இவற்றில் பலவற்றில் தனித்தனியே ஏற வேண்டும். பிறகு அதே விவரம் கணினியில். அந்தக் கணினி நர்சிங் ஸ்டேஷனில் இருக்கிறது. மூதாட்டியோ வார்டின் மறுகோடியில். ஆகவே ஒரு மணிக்குப் பார்த்த பிபி, ஒரு துண்டு மைக்ரோபோர் பிளாஸ்டரில் எழுதப்பட்டு நர்ஸின் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தடுத்து ட்ரிப் மாற்றி, நெபுலைசர் வைத்து, சக்ஷன் போட்டு முடித்து அவர் கணினி முன் உட்காரும்போது மணி ஆறு. கணினிக்குள் போகும்போதே அந்த பிபிக்கு ஐந்து மணி நேரம் வயதாகிவிட்டது. திரையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருப்பதால் அறிக்கை நன்றாகத்தான் இருக்கும்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை இது: ஒரு விவரத்தை ஒருமுறைதான் பதிய வேண்டும், அதுவும் படுக்கையருகே. வார்டுக்குச் சக்கர மேசையில் வைத்த கணினியோ கைக்கணினியோ தர வேண்டும். அதற்கான வைஃபை வார்டின் கடைசிப் படுக்கை வரை எட்ட வேண்டும். டயட் சீட்டும் சென்சஸும் மாத அறிக்கையும் அந்த ஒரு பதிவிலிருந்தே தாமாக உருவாக வேண்டும். கணினியில் ஏறிய விவரத்துக்குரிய பதிவேடு எதுவோ அதை எழுத்துப்பூர்வமான ஆணை மூலம் நிறுத்த வேண்டும். ஆணை இல்லாமல் எந்த நோட்டும் நிற்காது என்பது அலுவலகம் அறிந்த எவருக்கும் தெரியும். தணிக்கைக்கு வருபவர் நோட்டைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்தது எங்களுக்கு மிக முக்கியமானது. பதியும் எண்களைக் கணினி சேர்த்துப் பார்த்து எங்களை எச்சரிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. பிரசவம் முடிந்த தாய்க்கு இரவு 10 மணிக்கு நாடித்துடிப்பு 88, மேல் அழுத்தம் 110. பத்தரைக்கு நாடி 96, பதினொன்றுக்கு 104; அழுத்தம் அதே 110. பதினொன்றரைக்கு நாடி 116, அழுத்தம் 106. தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் அலறாது. இளம் தாயின் உடம்பு ரத்தம் இழக்கும்போது நீண்ட நேரம் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். நாடிதான் முதலில் ஏறும். நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்தால் வரும் ஷாக் இண்டெக்ஸ், பிரசவித்த பெண்ணுக்கு 0.9-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். மேற்சொன்ன தாய்க்கு அது 11 மணிக்கே அந்த அளவைத் தாண்டிவிட்டது. பல தாய்மார்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், அதுவும் இடையில் ஷிப்ட் மாறினால், இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை.

பொது மருத்துவ வார்டுகளுக்கு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, வெப்பநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால் 7-ஐத் தொட்டதும் அவசர அழைப்பு போக வேண்டும். இது 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது. அவர்களுக்குத் தனி அட்டவணை வேண்டும். அழைப்பு யாருக்குப் போகிறது, எத்தனை நிமிடத்தில் மருத்துவர் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே வகுக்க வேண்டும். எச்சரித்துவிட்டு யாரும் வராவிட்டால் பழி மட்டும் செவிலியர் மேல் நேர நிமிடத்தோடு பதிவாகும். இன்னொன்று, எதற்கெடுத்தாலும் கூவும் கருவியை யாரும் மதிக்க மாட்டார்கள். ஐசியூவில் மானிட்டர் ஒலி காதுக்குப் பழகிப்போவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். எச்சரிக்கைகள் குறைவாக, வந்தால் ஓட வைப்பதாக இருக்கட்டும்.

மருந்து விஷயத்துக்கு வருகிறோம். கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணினி வழியே கண்காணிப்பதில் 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாடறிந்த பெயர் பெற்றது. ஆனால் வார்டு அலமாரியிலிருந்து நோயாளியின் கை வரையிலான அந்தக் கடைசி சில அடிகளுக்குத் துணை எதுவும் இல்லை. டோபமின், டோபுடமின் போன்ற பெயர்களும் ஒரே அளவு ஆம்பூல்களும் இரவு மூன்று மணிக் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் முன் பார்கோடு பார்க்கும் முறையை ஆய்ந்தபோது, நேரம் தவறுவது நீங்கலான பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. 2010-இல் வெளியான ஆய்வு அது. முழு முறையையும் நாளையே கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் க்யூஆர் கோடு இருந்தாலும் ஒற்றை ஆம்பூலில் இருக்காது என்பது எங்களுக்குத் தெரியும். முதலில் உள்நோயாளிகள் அனைவருக்கும் க்யூஆர் கோடுள்ள மணிக்கட்டுப் பட்டை தாருங்கள். ரத்தம் ஏற்றும்போதும் இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு கொடுக்கும்போதும் அதைப் பார்த்துச் சரிபார்ப்பதில் தொடங்கலாம். பென்சிலின் ஒவ்வாமை என்று ஒரு மருத்துவமனையில் பதிவானால், நோயாளி சம்மதித்திருக்கும் பட்சத்தில், அவருடைய 14 இலக்க ஆபா எனும் சுகாதாரக் கணக்கு எண் வழியே அடுத்த மருத்துவமனையிலும் அது சிவப்பில் தெரிய வேண்டும்.

உள்நுழைவுப் பெயர் பற்றி ஒரு பத்தி போதும். வார்டுக்கு ஒரே கடவுச்சொல், அதுவும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருப்பது என்ற நிலை பல இடங்களில் நீடிக்கிறது. விசாரணை வரும்போது யார் பதிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தொகுப்பூதியத்தில் பணிபுரிவோர் உட்பட ஒவ்வொரு செவிலியருக்கும் அவரவர் பதிவு எண்ணோடு இணைந்த தனி உள்நுழைவு வேண்டும்.

நோயாளர் ரகசியம் குறித்த எங்கள் கவலை கூடிக்கொண்டே வருகிறது. அறிக்கைகளும் சில வேளைகளில் கேஸ் ஷீட்டின் படமும் வாட்சப் குழுக்களில் கேட்கப்படுகின்றன. அனுப்புவது எங்கள் சொந்தக் கைப்பேசியிலிருந்து, எங்கள் சொந்த டேட்டா செலவில். அதே கைப்பேசியை வீட்டில் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். எச்ஐவி தொற்றுள்ளவரின் விவரத்தை வெளியிடக்கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. நாளை ஒரு படம் கசிந்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது அதை அனுப்பிய செவிலியர்தான். ஆகவே வாட்சப் வழியே நோயாளர் விவரம் கேட்பதைத் தடைசெய்து சுற்றறிக்கை வெளியிட வேண்டும். களப்பணிச் செயலிகளுக்கு அரசே கருவியும் சிம் கார்டும் வழங்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர்களுக்கு இது இன்னும் அவசரம்.

பயிற்சி. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நர்சிங் தகவலியல் தனிப் பாடமாகச் சேர்ந்துவிட்டது. அதற்கு முன் படித்தவர்களே இன்று வார்டுகளில் பெரும்பான்மையினர். அவர்களுக்கான பயிற்சி பணிநேரத்தில் நடக்க வேண்டும். நைட் முடித்த காலையிலோ வார ஓய்விலோ அல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனை தோறும் தகவலியல் பயின்ற செவிலியர் ஒருவருக்குத் தனிப் பணியிடம் உருவாக்க வேண்டும். மென்பொருளை முடிவுசெய்யும் குழுவில் வார்டில் பணிபுரியும் செவிலியர்கள் இடம்பெற வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு செயல்விளக்கத்துக்கு அழைத்துக் கைதட்டச் சொல்வதை இடம்பெறுவதாகக் கொள்ள இயலாது.

மின்சாரமோ சர்வரோ நின்றால் எந்தத் தாளில் எழுதுவது, மீண்டும் வந்தபின் யார் ஏற்றுவது என்பதற்கும் எழுதப்பட்ட நடைமுறை தேவை.

இவற்றை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கக் கேட்கவில்லை. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பிரசவ வார்டு, ஒரு பொது மருத்துவ வார்டு, அதே மாவட்டத்தில் 24 மணி நேரமும் இயங்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய மூன்றிலும் ஆறு மாதம் முன்னோட்டமாக நடத்தலாம். செவிலியர் எழுதுவதற்குச் செலவிடும் நேரம் தொடங்கும் முன்பும் பின்பும் அளக்கப்படட்டும். நேரம் கூடினால் அந்த மென்பொருளைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் மதிப்பீட்டுக் குழுவுக்கு இருக்கட்டும். இதற்கான முன்வரைவை எங்கள் சங்கம் தயாராக வைத்துள்ளது. அதை நேரில் அளித்து விளக்க, துறையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அலுவலர்களும் உடனிருக்கும்படி ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
(செயற்குழுவுக்காக)

நகல்:
இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்.
இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருத்துவம்.
மாவட்ட ஆட்சித் தலைவர்.