மாசம் நாலு கையெழுத்துக்கு வருஷச் சந்தா எதுக்கு?

ஆபீஸ்ல சேரும்போது ஆஃபர் லெட்டர்ல போன்லயே கையெழுத்து போட்டிருப்பீங்க. பிஎஃப் நாமினி பதிவு பண்ண ஆதார் ஓடிபி தட்டியிருப்பீங்க. டீமேட் கணக்கு திறந்தப்பவும் அதே கதைதான். ஆக, இ-சைன்னா என்னன்னு உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி வேற. சென்னையிலயோ பெங்களூருலயோ நீங்க இப்படி இருக்கும்போது, அருப்புக்கோட்டையில அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டுற தறியும், திருச்சுழி பக்கம் மாமா எடுக்கிற கரிமூட்டக் காண்டிராக்டும் இன்னும் ஏன் வாய்ப்பேச்சுலயே ஓடுது? "வீட்டுத் தொழிலுக்கு எந்த இ-சைன் ஆப் வாங்கலாம்?"னு நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வியும் இங்கிருந்துதான் வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பெரும்பாலான சின்னத் தொழிலுக்குக் காசு கொடுத்து வருஷச் சந்தா வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இலவசத் திட்டத்துல ஆரம்பிங்க. காசு செலவு பண்ற இடம் வேற ரெண்டு இருக்கு. அது என்னன்னு பார்ப்போம்.

முதல்ல, எழுத்து எதுக்கு?

கரிசல் காடு வானம் பார்த்த பூமி. மழை ஏமாத்துனா பருத்தியும் சோளமும் ஏமாத்தும். அதனாலதான் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் தறி, மில்லு, கமிஷன் கடை, கரின்னு ஏதாவது ஒண்ணுல இருப்பாங்க. அந்த வருமானமும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்ப்பா"ன்னு தள்ளிப்போனா, வீட்டுச் செலவு உங்க சம்பளத்துல வந்து விழும். நீங்க எஸ்ஐபி நிறுத்துறதுக்கும், ஊர்ல ஒரு பில் மூணு மாசமா நிக்கிறதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டம் இதுக்குன்னே ஒரு வழி வச்சிருக்கு. பொருளோ சேவையோ கொடுக்கிற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன தேதிக்குள்ள பணம் வரணும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க ஒரு அரசு இணையதளமும் இருக்கு. இதுக்கு உத்யம் பதிவு வேணும். சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே அதை முடிச்சு வச்சிடுறது நல்லது. ஒரு விஷயம்: வாங்கி விற்கிற வியாபாரம் மட்டும் பண்றவங்களுக்கு இந்தத் தாமத வட்டிச் சலுகை கிடையாது.

"எழுத்து இல்லைன்னா 15 நாள்தானே, அப்போ எழுதாம விடுறதுதானே லாபம்?"னு தோணும். ஆனா என்ன ரேட்டுக்குப் பேசினீங்க, எத்தனை சேலை போச்சு, எந்தத் தேதியில எதிராளி வாங்கிக்கிட்டார்னு யார் நிரூபிக்கிறது? நாள் கணக்கு சரக்கு கைமாறின தேதியிலிருந்துதான் ஓடும். அந்தத் தேதிக்கு ஆதாரம் இல்லைன்னா சட்டம் இருந்தும் பிரயோஜனமில்லை. தேதி, நேரத்தோட பதிவாகிற ஒரு கையெழுத்து இங்கதான் காசாகுது.

கையெழுத்துல மூணு ரகம்

சாஃப்ட்வேர் விக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே பேர்ல விப்பாங்க. நீங்க பிரிச்சுப் பாருங்க.

முதல் ரகம், கிளிக் கையெழுத்து. ஈமெயில்லயோ மெசேஜ்லயோ லிங்க் வரும், திறந்து படிச்சு விரலால கிறுக்குவீங்க. யார் எந்த நேரத்துல எந்த ஐபி முகவரியிலிருந்து போட்டாங்கன்னு ஒரு பதிவுத்தாள் கூட வரும். சட்டப்படி இது சும்மா இல்லை. 2000-ம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 10ஏ பிரிவு, மின்னணு முறையில போட்டதுங்கிற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தத்தைச் செல்லாதுன்னு சொல்ல முடியாதுன்னு சொல்லுது. டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்குல 2010-ல உச்ச நீதிமன்றம், ஈமெயில் பரிமாற்றத்துலயே ஒப்பந்தம் உருவாகலாம்னு ஏத்துக்கிச்சு. ஆனா "நான் போடலை"ன்னு எதிராளி மறுத்தா, போட்டது அவர்தான்னு காட்ட வேண்டிய வேலை உங்க தலையில.

ரெண்டாவது, ஆதார் இ-சைன். 2015-லிருந்து இதுக்குச் சட்ட அங்கீகாரம் இருக்கு. ஓடிபி போட்டதும் உங்க பேர்ல ஒரு குறுகிய நேரச் சான்றிதழ் உருவாகி, அந்த டாக்குமென்ட்டோட மேல முத்திரை விழுந்து, சாவி அழிஞ்சிடும். இ-சைன் கொடுக்கிற நிறுவனத்துக்கு உங்க டாக்குமென்ட் போகாது, அதோட கணக்கீட்டு அடையாளம் மட்டும்தான் போகும். பிறகு ஒரு எழுத்தை மாத்தினாலும் காட்டிக்கொடுத்துடும். இங்க மறுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

மூணாவது, டிஎஸ்சி. யுஎஸ்பி டோக்கன்ல வர்றது. கம்பெனி, எல்எல்பி தாக்கல்கள், இ-டெண்டர் மாதிரி வேலைக்கு இது வேணும். 2021 ஜனவரியிலிருந்து புதுசா வாங்குறவங்களுக்கு கிளாஸ் 3 மட்டும்தான். தனி ஆள் பேர்ல நடக்கிற சின்னத் தொழிலுக்கு வரி, ஜிஎஸ்டி வேலை பெரும்பாலும் ஓடிபியிலயே முடிஞ்சிடும். அதனால "இ-சைன் வேணும்னா டோக்கன் வாங்கணும்"னு யாராவது சொன்னா, எந்த வேலைக்குன்னு திருப்பிக் கேளுங்க.

நாலாவதா ஒண்ணு ஊர் முழுக்க ஓடுது. வெள்ளைத்தாள்ல போட்ட கையெழுத்தைப் போட்டோ எடுத்து பிடிஎஃப்ல ஒட்டுறது. அந்தப் படம் யார் போன்ல இருக்கோ அவங்க உங்க பேர்ல எதுல வேணா ஒட்டலாம். தயவுசெஞ்சு இதை விட்டுடுங்க.

கணக்கு போட்டுப் பாருங்க

கணக்குக்காக ஒரு ரேட் வச்சுக்குவோம். ஒரு ஆளுக்கு மாசம் 600 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமா கட்டணும். 7,200 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,296. மொத்தம் 8,496. மாசம் நாலு ஒப்பந்தம்னா வருஷத்துக்கு 48. ஒரு கையெழுத்துக்கு 177 ரூபாய் ஆகுது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத தறிக்காரருக்கு அந்த வரி திரும்பியும் வராது.

அதே 48-ஐ இலவசத் திட்டத்துல அடக்கிட்டு, அதுல முக்கியமான 10-க்கு மட்டும் ஒண்ணுக்கு 30 ரூபாய்னு ஆதார் இ-சைன் வாங்கினா 300 ரூபாய், வரியோட 354. வித்தியாசம் 8,142 ரூபாய். ரேட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனா கணக்கு போடுற முறை மாறாது: சந்தாவை உங்க கையெழுத்து எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க.

ஜோஹோ சைன் நம்ம தமிழ்நாட்டுக் கம்பெனியோடது, இலவசத் திட்டமும் இருக்கு, ஆதார் இ-சைனும் சேர்த்துக்கலாம். சின்னத் தொழிலுக்கு நான் முதல்ல பார்க்கச் சொல்றது இதைத்தான். லீகாலிட்டி, டிஜியோ, இமுத்ரா மாதிரி இந்திய நிறுவனங்கள் ஆதார் இ-சைன்ல பலம். டாக்குசைன், அடோபி அக்ரோபேட் சைன் ரெண்டும் நல்ல சாஃப்ட்வேர்தான். வெளிநாட்டு கிளையன்ட் அதைத்தான் கேட்குறார்னா வாங்குங்க. மில்லுக்காரரும் பஜார் அண்ணாச்சியும் கேட்கப் போறதில்லை.

வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க:

- இலவசத் திட்டத்துல மாசத்துக்கு எத்தனை டாக்குமென்ட்? ஒரு டாக்குமென்ட்டுல எத்தனை பேர் போடலாம்?
- கையெழுத்து போடுற எதிராளி கணக்கு திறக்கணுமா? திறக்கணும்னா அண்ணாச்சி அங்கேயே விட்டுடுவார்.
- ஈமெயில் இல்லாதவருக்கு மொபைல் நம்பருக்கு அனுப்ப முடியுமா?
- ஆதார் இ-சைன் எண்ணிக்கைக்குக் காசா, சந்தாவுக்குள்ளயா? வாங்கின கிரெடிட் காலாவதி ஆகுமா?
- பதிவுத்தாளோட எல்லா டாக்குமென்ட்டையும் இறக்கி வச்சுக்க முடியுமா? சந்தா நின்னா பழசு என்னாகும்?
- விலை ரூபாயிலயா, டாலர்லயா? டாலர்னா பல கார்டுல கூடுதல் கட்டணம் சேரும். ஆட்டோ ரினியூவல் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வையுங்க.

காசு செலவு பண்ண வேண்டிய ரெண்டு இடம்

ஒண்ணு, பணம் பெருசா மாட்டுற ஒப்பந்தங்களுக்கு ஆதார் இ-சைன். முன்பணம், கடன், பங்கு, வருஷ கான்ட்ராக்ட் எல்லாம் இதுல வரும்.

ரெண்டு, முத்திரைக் கட்டணம். இதை எல்லாரும் மறந்துடுறாங்க. இ-சைன் போட்டதால முத்திரைத்தாள் தேவையில்லைன்னு ஆகாது. 1899-ம் வருஷத்து முத்திரைச் சட்டம் 35-வது பிரிவுப்படி, முத்திரை சரியா இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமா எடுக்காது. கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டினப்புறம்தான் எடுக்கும். அபராதம் பத்து மடங்கு வரைக்கும் போகலாம். இ-ஸ்டாம்ப் வாங்கி ஒப்பந்தத்தோட சேர்த்தா முடிஞ்சது. சாஃப்ட்வேர்ல மிச்சம் பண்ணுங்க, இதுல மிச்சம் பண்ணாதீங்க.

எதுல போடக் கூடாது

உயிலுக்கு இ-சைன் செல்லாது. டிரஸ்ட் பத்திரத்துக்கும் அப்படியே. பவர் பத்திரத்துக்கு, ரிசர்வ் வங்கி மாதிரியான அமைப்புகளோட கட்டுப்பாட்டுல இருக்கிற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறதை மட்டும் 2022 செப்டம்பர் அறிவிப்புல விலக்கினாங்க. மாமா சித்தப்பாவுக்குக் கொடுக்கிற பவர் அதுல வராது. நிலக் கிரயத்துக்கும், ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைக்கும் பதிவு அலுவலகம் போய்த்தான் ஆகணும். கரிசல் நிலமோ வீட்டு மனையோ, "ஆப்லயே முடிச்சிடலாம்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

"ஓடிபி சொல்லுப்பா"

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா, இது இருக்கட்டும்.

நீங்க சென்னையில உட்கார்ந்து லேப்டாப்ல அப்பாவோட ஒப்பந்தத்தைத் திறக்குறீங்க. அவருக்கு போன் போட்டு "ஒரு நம்பர் வரும், சொல்லுப்பா"ங்கிறீங்க. அவர் சொல்றார், முடிஞ்சது. சட்டத்தோட கண்ணுல அந்த டாக்குமென்ட்டைப் படிச்சுப் பார்த்து கையெழுத்து போட்டவர் உங்க அப்பா. ஆனா அவர் ஒரு வரி கூடப் படிக்கலை. மறுக்கிறது கஷ்டம்னு மேல சொன்னேன் இல்லையா, அது அவருக்கும் சேர்த்துதான். நீங்க நல்ல மனசோட பழக்கிவிட்ட பழக்கத்தை, நாளைக்கு வேற ஒருத்தன் "லோன் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்"னு சொல்லிப் பயன்படுத்துவான்.

அதனால ஒப்பந்தத்தைத் தமிழ்ல எழுதுங்க. தமிழ்ல இருந்தா செல்லாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லலை. ஒரு பக்கத்துக்குள்ள முடிங்க. லிங்க் அவர் போனுக்கே போகட்டும். அவரே படிச்சு, அவர் விரலாலயே ஓடிபி போடட்டும். ஆதார்ல இருக்கிற மொபைல் நம்பர் இப்போ அவர் கையில இருக்கிற நம்பர்தானான்னு அதுக்கு முன்னாடி பாருங்க. பழைய நம்பர் இருந்தா ஆதார் மையத்துக்கு ஒரு நடை போய் மாத்திட்டு வரச் சொல்லுங்க.

"நம்பிக்கை இல்லையாப்பா?"

இருபது வருஷமா பாவும் ஊடையும் கொடுத்து வாங்குற இடத்துல திடீர்னு லிங்க் அனுப்பினா அவங்க மனசு சங்கடப்படும்னு அப்பா சொல்வார். அவர் சொல்றது நியாயம்தான். ஊர்ல தொழில் முகத்துக்காகத்தான் ஓடுது, அதை உடைச்சுட்டு எந்த ஆப்பும் காப்பாத்தாது.

அதனால பழைய ஆள்கிட்ட "ஒப்பந்தம்"னு ஆரம்பிக்காதீங்க. ரேட் சீட்டுன்னு அனுப்புங்க. சேலைக்கு இவ்வளவு கூலி, சரக்கு வாங்கின நாளிலிருந்து 30 நாள்ல பணம். அவ்வளவுதான். அதுக்கும் மனசில்லைன்னா, "இன்னைக்குப் பேசினபடி"ன்னு வாட்ஸ்அப்ல எழுதி, அவர் "சரி"ன்னு போடுற பதிலை அழிக்காம வையுங்க. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய சாட்சிய சட்டத்தோட 63-வது பிரிவுல, சான்றிதழோட சேர்த்து மின்னணுப் பதிவைச் சாட்சியமா காட்ட வழி இருக்கு. இ-சைன் அளவுக்கு வலு இல்லைதான், ஆனா வாய்ப்பேச்சை விட எவ்வளவோ மேல். புதுசா வர்ற பார்ட்டிகிட்ட மட்டும் முதல் நாள்லயே முழு ஒப்பந்தம் கேளுங்க. புது ஆள் கோவிச்சுக்கிட்டா, அதுவே ஒரு தகவல்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. உத்யம் பதிவு இருக்கான்னு பாருங்க, ஆதார் நம்பரைச் சரிபாருங்க, இலவசக் கணக்கு ஒண்ணு திறந்து ஒரே ஒரு ரேட் சீட்டை அப்பா கையாலயே அனுப்ப வையுங்க. மூணு மாசம் அது ஓடட்டும். இலவச அளவு பத்தலைன்னு அப்போ தெரிஞ்சா சந்தா வாங்குங்க. அந்தச் சந்தாவைத் தொழிலே கட்டும், உங்க சம்பளத்துல கை வைக்க வேண்டியிருக்காது.