வரைந்தால் காட்ட ஆள் வேண்டும்

உயர்நிலை நான்கில் ஓவியப் பாடத்துக்காக ஆறு மாதம் உழைத்து நான் வரைந்த படத்தைப் பார்த்தவர்கள் மொத்தம் நான்கு பேர்: ஆசிரியர், ஒரு தோழி, அம்மா, தேர்வில் மதிப்பெண் போட்டவர். இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. என்னோடு ஓவியம் படித்த ஐவரில் ஒருவர்கூட இன்று தூரிகையைத் தொடுவதில்லை. கேட்டால், நேரமில்லை என்கிறார்கள். வரைந்தால் காட்ட ஆளில்லை என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அண்மையில் ஓர் ஒப்படைப்புக்காக ‘தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’ என்ற நம் உள்ளூர்க் கலைஞர் குழுவைப் பற்றிப் படித்தேன். 1988ல் கலைஞர் டாங் டா வூ, செம்பவாங்கில் லோரோங் கம்பாஸில் இருந்த பழைய கோழிப் பண்ணை ஒன்றில் அதைத் தொடங்கினார். அன்று அதிகம் அறியப்படாத பலர் அங்கே கூடி வேலை செய்தார்கள். ஒருவர் படைப்பை மற்றவர் பார்த்தார், பேசினார். 1989 தொடக்கத்தில் பண்ணையையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு முதல் கண்காட்சியை நடத்தினார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் தொடங்கிய ‘தி டைம் ஷோ’, புத்தாண்டு பிறந்த பிறகும் தொடர்ந்து, 24 மணி நேரம் நீடித்தது.

1990ல் மேம்பாட்டுக்காக அந்த நிலம் போனது. குழு கலைந்துவிடவில்லை. சொந்த இடம் இல்லாமலேயே இயங்கி, 1992ல் சங்கமாகப் பதிவு செய்துகொண்டது. இடையில் 1991ல், புலிகள் வேட்டையாடப்படுவதைக் கண்டித்து டாங் டா வூ, வெள்ளைத் துணி போர்த்திய புலி உருவங்களோடு சைனாடவுன் மக்கள் நடுவே போய் நின்றார். குழுவில் இருந்த லீ வென், அமண்டா ஹெங் இருவரும் பின்னாளில் கலாசாரப் பதக்கம் பெற்றார்கள்.

இதே 1988ல் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படித்த மூவர் ‘திரிமூர்த்தி’ என்ற கண்காட்சியை நடத்தினார்கள். எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார். மூவரும் மூன்று இனம். நம்மில் ஒருவர் அந்த வரிசையில் இருப்பது பத்தாண்டு பள்ளியில் படித்த எனக்குத் தெரியாமலே போனதில் கொஞ்சம் வெட்கம்தான்.

நம் சமூக நிகழ்ச்சிகளில் ஓவியம் என்றால் பெரும்பாலும் சிறுவர்களுக்கு வண்ணம் தீட்டும் போட்டி. மூன்று பரிசு, ஒரு குழுப்படம், முடிந்தது. பதினாறு வயதைத் தாண்டியவருக்கு அதில் என்ன இருக்கிறது? போட்டிக்குச் செலவாகும் பணத்தில் பாதியைக் கொண்டு, மாதம் ஒரு நாள் சமூக மன்றத்தில் ஓர் அறையைத் தரலாமே. அரைகுறைப் படங்களையும் சுவரில் மாட்டிவைத்துப் பேசுவோம்.

“இன்ஸ்டகிராம் இருக்கிறதே” என்றான் தம்பி. இருக்கிறது. என் படத்துக்கு அங்கே 62 இதயம் விழுந்தது. “அந்தப் பாட்டியின் கை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?” என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டார். அந்தக் கேள்வியால்தான் அடுத்த படத்தையே தொடங்கினேன்.

அறைக்காகக் காத்திருக்காமல், பழைய வகுப்புத் தோழிகள் இருவருக்கு நேற்றுச் செய்தி அனுப்பினேன்: அடுத்த ஞாயிறு, எங்கள் வீட்டு வரவேற்பறை, ஆளுக்கு ஒரு படம். ஒருத்தி இன்னும் பதில் போடவில்லை. மற்றவள் கேட்டிருக்கிறாள், “முடிக்காத படம் என்றாலும் பரவாயில்லையா?”