கழிவும் காங்கிரீட்டும்



சாத்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத் தலைவி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். கணவரும் தாமும் பட்டாசு ஆலையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் சிறு வீடு ஒன்று எழுப்புகிறார்கள். ஆற்று மணல் எட்டாத விலையில் இருப்பதால், ஆலைக் கழிவைக் கலந்தால் செலவு குறையும் என்றாராம் கொத்தனார். அனல்மின் நிலையச் சாம்பல், தூத்துக்குடிக் கறுப்பு மணல், பட்டாசு ஆலை ஓரத்துக் குப்பைமண் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். எதை நம்புவது என்று அம்மையார் கேட்கிறார்.

கொத்தனாரைக் குறை கூற மனம் வரவில்லை. மணல் அள்ளப்பட்ட ஆற்றில் ஊற்று கீழே இறங்கும்; கரையோரக் கிணறும் உடன் இறங்கும். வைப்பாற்றை நம்பி வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மாற்றுப்பொருள் தேடுவது நன்றே. ஆனால் இம்மூன்றும் கழிவு என்ற பெயரால் மட்டுமே உறவினர்.

முதலில் சாம்பல். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை உண்டு. 1979-இல் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்றவற்றில் புகையோடு எழும் மென்தூளைப் பிடித்துச் சேர்க்கிறார்கள். இது சிமென்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்போடு கூடி மெல்ல இறுகும் தன்மையது. ஆகவே இது மணலுக்கு மாற்றன்று, சிமென்டில் ஒரு பகுதிக்கே மாற்று. கடையில் பி.பி.சி. என்று விற்கும் மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடு வரை இச்சாம்பல் முன்பே கலந்திருக்கலாம். அது கலப்படமன்று. அதன்மேல் கொத்தனார் தம் கைக்கணக்கில் மேலும் சாம்பல் கொட்டுவதே தவறு.

அடுத்தது கறுப்பு மணல். தூத்துக்குடியில் 2018-இல் மூடப்பட்ட தாமிர ஆலையின் உருக்குக் கசடு இது, கண்ணாடிபோல் மின்னும். 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தரவிதி, கம்பி கட்டிய காங்கிரீட்டில் மணலின் அளவில் 35 விழுக்காடு வரையே இதை ஏற்கிறது. மணலைவிடக் கனமானது, நீரை அதிகம் உறிஞ்சாது. வழக்கமான அளவில் நீர் ஊற்றினால் மிச்சநீர் மேலே கசிந்து நிற்கும். சோதனைச் சான்று இல்லாத குவியலிலிருந்து வாங்கலாகாது. உலோகங்கள் கலந்த பொருளாதலால், கிணற்றோரப் பள்ளத்தை நிரப்பவும் வேண்டாம்.

மூன்றாவதைத் தொடவே கூடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி சிந்திய மண் அது. உராய்வில் தீப்பற்றக்கூடும், மண்வெட்டியின் ஒரு பொறி போதும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நேர்ந்ததை நம் ஊர்கள் மறக்கவில்லை. தீப்பற்றாது தப்பினும் வீடு தப்பாது. ஈரச் சிமென்டில் அலுமினியப் பொடி பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பிக் கலவை பொங்கும். இலேசான காற்றறைக் கற்களை ஆலையில் அளந்து செய்வது இம்முறையால்தான். உங்கள் தூணில் அது பொத்தல்களையே உண்டாக்கும். கந்தகம் நாளடைவில் சல்பேட்டாகிக் காங்கிரீட்டை உப்பி வெடிக்கச் செய்யும்.

எனவே அம்மையாருக்கு நம் கருத்து: தூணுக்கும் கூரைக்கும் கழுவித் தரம் பார்த்த எம்-சாண்டும் பி.பி.சி. சிமென்டும் போதும். மிச்சம் பிடிக்கும் பணத்தைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். சாம்பல் கலந்த சிமென்ட் மெல்லவே வலுப்பெறும் என்பதால் குறைந்தது 10 நாளும், நம் பகுதி போன்ற வறண்ட வெயிலில் 14 நாளும் அது ஈரமாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் ஏழாம் நாளே ஊற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். கூரைமேல் பாத்தி கட்டி நீர் தேக்குங்கள்; தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். இயன்றால் கூரை போடுவதை ஐப்பசி மழைக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் செலவு குறையும்.