பெயர் யாருக்குச் சொந்தம்?

(இரண்டாமாண்டு வேதியியல் மாணவி ஒருவர்)

சிறுதொழில் செய்வோர் எவரைப் பார்த்தாலும் இன்று இரண்டு அறிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று, 'பிராண்டு பண்ணுங்கள்.' மற்றொன்று, 'இன்ஸ்டாகிராமில் போடுங்கள்.' மாவு அரைப்பவர், பூ கட்டுபவர், தையற்கடை வைத்திருப்பவர், புளி விற்பவர் என யாராக இருந்தாலும் இதே மருந்துதான். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை தரும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. இதை மட்டும் ஏன் நம்புகிறோம்?

விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சரக்கும் நாலு பேருக்குத் தெரிந்தால்தான் விற்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த அறிவுரைகளில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. அப்படி உண்டாக்கும் பெயர் யாருக்குச் சொந்தம்? இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் பெயர் தேடுவது, பட்டா இல்லாத நிலத்தில் கிணறு வெட்டுவதைப் போன்றது என்பது என் கருத்து. தண்ணீர் வரலாம். இறைத்துக்கொண்டு போகிறவர் வேறொருவராக இருப்பார்.

பிராண்டு என்ற சொல்தான் புதிது, விஷயம் பழையது. நம் தாத்தாக்கள் அதை 'மார்க்' என்றார்கள். கிளி மார்க், யானை மார்க் என்று படத்தைச் சொல்லியே எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பொருளைக் கேட்டு வாங்கினார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதன்பின் சிவகாசியில் தீப்பெட்டியோடு சேர்ந்து அச்சுத் தொழிலும் வளர்ந்தது. பெட்டியின்மேல் ஒட்டிய இரண்டு விரல் அகலத் தாள்தான் அந்நாளின் இன்ஸ்டாகிராம். உள்ளே இருக்கும் குச்சி நமுத்துப் போயிருந்தால் மேலே இருக்கும் கிளியால் ஒன்றும் செய்ய முடியாது. மறுமுறை அந்தக் கிளியை யாரும் கேட்க மாட்டார்கள். மார்க் என்பதன் உட்பொருள் இவ்வளவுதான்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை அல்வாவை எடுத்துக்கொள்வோம். பெயர்ப் பலகைகூட வைக்காமல் பேர்பெற்ற கடை அது. மங்கலான விளக்கொளியில் விற்றதைப் பார்த்து வாங்க வந்தவர்களே வைத்த பெயர்தான் இருட்டுக்கடை. விளம்பர நிபுணர் யாரும் உட்கார்ந்து யோசித்துச் சூட்டிய பெயரன்று. ஒரு நிபுணரைக் கேட்டிருந்தால் முதலில் நல்ல டியூப் லைட் போடச் சொல்லியிருப்பார்!

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கப்பட்டது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989இல். என் அம்மாவும் அப்படி ஒரு குழுவில் இருக்கிறார். பன்னிரண்டு பேர். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்து, அரைக்கிலோ பொட்டலங்களாக விற்கிறார்கள். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக உடைக்கிறது. அதனால்தான் அந்தக் கஞ்சி கட்டிதட்டாமல் இளகி, லேசாக இனிக்கிறது. இதை வகுப்பில் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அதுக்குத்தானே கண்ணு ரெண்டு நாள் கட்டி வைக்கிறோம்" என்றார். அந்த மாவுக்கு ஒரு பெயரும் உண்டு. அதை இங்கே எழுதினால் மலர்க்குழு விளம்பரக் கட்டணம் கேட்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் டவுனிலிருந்து ஒருவர் வந்தார். பக்கம் தொடங்கித் தருகிறேன், படம் எடுத்துத் தருகிறேன், மாவு வெளியூரெல்லாம் போகும் என்றார். எட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆளுக்கு எழுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக, குழுவின் சேமிப்பிலிருந்து போனது. அழகாகத்தான் செய்தார். அம்மா முறத்தோடு நிற்கும் படம் ஒன்றைப் பார்த்து எங்கள் தெருவே மகிழ்ந்தது. ஒரே மாதத்தில் பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று காட்டினார். அந்தப் பட்டியலை நான் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பெரும்பாலான பெயர்கள் எந்த நாட்டு எழுத்தென்றே தெரியவில்லை. நம் கேழ்வரகுக் கஞ்சிக்கு அந்நாடுகளில் இத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. எண்ணிக்கை விலைக்கு வாங்கியது.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருந்தது. பக்கம் தொடங்கியது அவருடைய தொலைபேசி எண்ணில், அவருடைய மின்னஞ்சலில். கடவுச்சொல் அவரிடம். ஆர்டர்கள் வந்து விழுந்தது அவருடைய போனில். ஓராண்டு கழித்து மாதம் இரண்டாயிரம் வேண்டும் என்றார். குழு மறுத்தது. அவர் பக்கத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதே பெயரில், அம்மாவின் அதே படத்தைப் போட்டு, வேறு எங்கோ வாங்கிய மாவை விற்கத் தொடங்கினார். மாவு கசக்கிறது என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் அம்மாவிடம் வந்து குறைப்பட்டபோதுதான் எங்களுக்கே தெரியும். ஊர்ப் பெரியவர்கள் பேசியபின் படத்தை நீக்கினார். பக்கத்தைக் கடைசிவரை தரவில்லை. "நாம அரைச்ச மாவுக்கு அவன் எப்படிக் கண்ணு சொந்தக்காரன் ஆனான்?" என்று அம்மா கேட்ட கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு.

இது ஒரு தனி மனிதரின் மோசடி, இதை வைத்து எல்லாரையும் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். சரி, நாணயமான ஆள் கிடைத்தார், பக்கமும் நம் பெயரிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பக்கம் வாடகைச் சுவரில் எழுதிய விளம்பரம்தான். 2020 ஜூன் 29ஆம் நாள் மைய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதற்கான காரணங்களுக்குள் நான் செல்லவில்லை. அந்தச் செயலியில் ஆடிப் பாடியவர்களோடு சேலை விற்றவர்களும் ஊறுகாய் விற்றவர்களும் இருந்தார்கள். தங்களைப் பார்க்க வந்தவர்களின் முகவரியோ எண்ணோ எழுதி வைத்திராதவர்களுக்கு அவ்வளவு காலச் சேகரமும் ஒரே இரவில் போயிற்று. 2021 அக்டோபர் 4ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குமேல் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒருசேர நின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் இயங்கவில்லை. சுவருக்குச் சொந்தக்காரர் வெள்ளையடித்தால் நம்மிடம் கேட்டுவிட்டா அடிப்பார்?

எனவே, சந்தைக்காரிகளின் பழைய முறைக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். எங்கள் ஊர்ச் சந்தையில் மிளகாய் விற்கும் ஓர் அக்காவுக்கு எந்த வீட்டில் எப்போது கல்யாணம், யாருக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் மனப்பாடம். அந்த நினைவு அவருக்கே சொந்தம், எந்தக் கம்பெனியும் அதை நிறுத்த முடியாது. நமக்கு அவ்வளவு நினைவாற்றல் இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வாங்கியவர் பெயர், ஊர், எண், எவ்வளவு வாங்கினார், என்ன சொன்னார் என்று எழுதி வைத்தால், பின்தொடர்வோர் பதினோராயிரத்தைவிட அதில் உள்ள இருநூறு பெயர் மதிப்புள்ளது.

அடுத்தது பெயரைப் பதிவது. பெரிய கம்பெனிக்காரர்களின் வேலை இது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தனி ஆளோ சிறு நிறுவனமோ இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பொருள்களும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மாவு 30ஆம் வகையில் வரும். விண்ணப்பத்தை ஏற்றபின் இதழில் வெளியிட்டு, மறுப்புச் சொல்ல நான்கு மாதம் தருவார்கள். பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு முடியுமுன் பொட்டலத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. குழுவாக இருந்தால் யார் பெயரில் பதிவது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இங்கே பெயர் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 'சுத்தமான கேழ்வரகு மாவு' என்பது பொருளின் வருணனை. அதை ஒருவர் மட்டும் தமக்கே உரியது என்று பதிந்துகொள்ள முடியாது. எல்லாருக்கும் பொதுவான சொல்லை வைத்துவிட்டு, பக்கத்துத் தெருக்காரர் திருடிவிட்டார் என்று புலம்புவதில் பயனில்லை. ஊர்ப் பெயரால் வரும் புகழ் இன்னொரு வகை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தனி ஒரு கடைக்கு உரியதன்று, அந்தப் பகுதியில் அந்த முறைப்படி செய்பவர்களுக்கு உரியது. தனிச் சொத்தாக இல்லாமல் ஊர்ச் சொத்தாகவும் பெயர் இருக்க முடியும் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இப்போது ஒரு கசப்பான விஷயம். அந்த விளம்பரக்காரர் போட்ட முதல் பதிவிலேயே 'சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும்' என்று இருந்தது. இதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முளைகட்டிய மாவில் சர்க்கரை உண்டாகிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விற்கலாமா? மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிப்பவர் ஒருவர் இருந்தால் அவர் கதி என்ன? சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பத்து இலட்சம் ரூபாய்வரை தண்டம் உண்டு. அபராதம் வந்தால் எழுதியவரோடு அந்தப் பன்னிரண்டு பெண்களும் மாட்டிக்கொள்ள நேரும்.

இல்லாத பாட்டியின் கைப்பக்குவம், பார்க்காத பண்ணையின் படம், பணம் கொடுத்து எழுதிய பாராட்டு ஆகியவையும் இந்த இனமே. பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மைய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. நம் நண்பர்கள் சிலர் இலவசமாகக் கிடைத்த சட்டைக்குப் பாட்டுப் போட்டு வீடியோ எடுக்கிறார்களே, அவர்களுக்கும் இது பொருந்தும்.

விளம்பரத்தை நேர்மையாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் செய்ய முடியாதா என்றால், முடியும். கடலூர்க்காரரான சி. கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயில் 'சிக்' ஷாம்பு தொடங்கினார். சின்னி கிருஷ்ணன் என்ற தம் தந்தையின் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. பாட்டில் வாங்க முடியாத மக்களுக்குச் சிறு பாக்கெட்டில் தந்ததே அதற்குக் கிடைத்த பெரிய விளம்பரம். வாங்குகிறவரின் சட்டைப்பையை அறிந்த விளம்பரம் என்று அதைச் சொல்வேன்.

நண்பர்களே, இதை நம் கல்லூரி மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர், என்னைப் போலவே, வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஆகவே, கேட்காமலேயே நமக்கு ஒரு பதவி கிடைத்துவிடுகிறது: வீட்டுப் போனுக்கு அதிகாரி! அப்பாவின் டீக்கடைக்கும் சித்தியின் தையலுக்கும் நாம்தான் கணக்குத் தொடங்கித் தருகிறோம். நம் எண்ணிலேயே தொடங்கிவிடுவது எளிது. அது கூடாது என்பேன். தொழில் செய்பவரின் எண்ணில் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பின் வணிகச் செயலி 2018 முதல் இருக்கிறது, கட்டணமில்லை. அதில் பொருளின் படமும் விலையும் போடலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை அவரே நினைவில் வைக்கட்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும், நாமே கேட்டாலும், சொல்லக் கூடாது என்று பழக்க வேண்டும். பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அவர் திருடர். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நம் சொந்தப் பெயரையும் இதே கண்ணோடு பார்க்கலாம். நம் படத்தை எடுத்துப் போலிக் கணக்குத் தொடங்கி நம் உறவினரிடம் பணம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நண்பர் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி விட்டு வைப்பது அவர்களுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதாகும்.

அம்மாவின் குழு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறது. எண், குழுத் தலைவியின் எண். பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவெண், எடை, விலை, அரைத்த மாதம் எல்லாம் தமிழில் இருக்கின்றன. நான் அடுத்த ஆண்டு தேர்வு முடித்துவிட்டு எங்கே போவேனோ தெரியாது. ஆகவே பத்தாவது வரை படித்த இரண்டு அக்காக்கள் படம் எடுக்கவும் பதில் அனுப்பவும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் எடுத்த படத்தில் மாவைவிட ஆட்டுக்குட்டிதான் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பென்னாகரத்திலிருந்து ஒருவர் ஆறு கிலோ கேட்டு, கூடவே ஆட்டுக்குட்டி என்ன விலை என்றும் கேட்டிருக்கிறார்.