மகுடம் உண்டு, வரலாறு இல்லை

கற்பனை விளையாட்டு லீகுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். சூதாட்டம் என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடுவது அவர்கள் வழக்கம். எதிர்த்தரப்போ நீதிமன்றத் தீர்ப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இது திறமைக்கான ஆட்டம் என்று முழங்குகிறது. இரு தரப்போடும் நாம் உடன்படவில்லை. இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆட்டத்தில் வென்றவர் யார், அவர் வென்றதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

முகம் சுளிப்பவர்களிடமிருந்தே தொடங்குவோம். ஜாக் கெரோவாக் சிறுவயதில் லோவல் நகரில் தனக்கென்று ஒரு பேஸ்பால் லீகை உருவாக்கிக்கொண்டவர். பிட்ஸ்பர்க் பிளைமவுத்ஸ், நியூயார்க் செவ்வீஸ் என்று மோட்டார் வண்டிகளின் பெயரில் அணிகள். உலகில் இல்லாத ஆட்டக்காரர்கள். அவர்களுக்குப் புள்ளிவிவரங்கள், செய்தி அறிக்கைகள். பெரியவரான பின்னும் அவர் இதை விட்டுவிடவில்லை. அந்தத் தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. 2009-இல் அவற்றைப் பற்றி நூலகமே ஒரு புத்தகம் வெளியிட்டது.

ராபர்ட் கூவர் 1968-இல் எழுதிய 'தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்' நாவலைப் படித்தவர்கள் இன்னும் தயங்குவார்கள். கணக்கர் ஹென்றி வா, சமையலறை மேசையில் பகடை உருட்டியே ஐம்பத்தைந்து பருவங்களை நடத்தி முடித்தவன். யார் எந்த ஆண்டு வென்றார்கள், எந்த அணியின் பொற்காலம் எது, எல்லாம் பேரேடுகளில் ஏறியிருக்கின்றன. ஐம்பத்தாறாவது பருவத்தில் அவனுக்குப் பிரியமான இளம் பந்துவீச்சாளன் பகடையின் கட்டளைப்படி பந்து பட்டுச் சாகிறான். அந்தப் பந்தை வீசியவனும் அவனுடைய அணியும் முன்னேறிக்கொண்டே போவதை வாவால் பொறுக்க முடியவில்லை. பகடையைத் தன் கையாலேயே திருப்பி வைத்துவிடுகிறான். ஆதிக்க அணி ஒன்றின் மீது எழும் வெறுப்பை இவ்வளவு கூர்மையாக எழுதிய வேறொரு நாவலை நாம் அறியோம். பகடை திரும்பியதும் அந்த லீகின் நியாயமும் திரும்பிவிடுகிறது. வா தன் சிருஷ்டிக்குள் தொலைந்துபோகிறான்.

இனி மெய்யான லீகுக்கு வருவோம். 1980-இல் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் மன்ஹாட்டனில் தொடங்கிய ரோட்டிசெரி லீக்தான் இன்றைய கற்பனை பேஸ்பாலின் தாய். ஒவ்வொரு அணிக்கும் 260 டாலர். அதற்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கவேண்டும். பருவம் முடிந்ததும் 15 பேர் வரை அதே விலைக்குத் தக்கவைத்துக்கொள்ளலாம். சுவையான விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஐந்து டாலருக்கு எடுத்த இளைஞன் நட்சத்திரமாகிவிட்டால் அந்த அணி சில ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்தும். கடைசி இடத்தில் கிடப்பவரோ, பருவத்தின் நடுவிலேயே தம் விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை முன்னணி அணிக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு மலிவான இளைஞர்களை வாங்கி அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்வார். அதனால் சண்டை, சண்டையால் புதிய விதிகள். இத்தகைய லீகுகளின் சட்டப் புத்தகத்தில் பாதி, தொடர்ந்து வென்ற யாரோ ஒருவரை அடக்குவதற்காக எழுதப்பட்டதுதான். சாம்பியனின் தலையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானத்தை ஊற்றுவது அவர்களுடைய முடிசூட்டு விழா. தாம் உருவாக்கிய லீகில் ஓக்ரென்ட் ஒருமுறைகூட வென்றதில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது பேசப்படுகிறது என்றால், தோற்றவருக்கும் அங்கே வரலாற்றில் இடம் இருக்கிறது என்றுதானே பொருள்?

இதனோடு கைபேசிச் செயலிகள் நடத்திய ஒருநாள் கூத்தை ஒப்பிடுங்கள். இருபத்திரண்டு பேரில் பதினொருவர், நூறு மதிப்பலகுகள், தலைவருக்கு இருமடங்குப் புள்ளி, துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு. ஆட்டம் முடிந்ததும் அணி கலைந்துவிடும். எதிராளி யாரென்று தெரியாது, நாளை அவர் வரமாட்டார். பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் 2017-இல் இதைத் திறமை ஆட்டம் என்றது. சட்டத்தின் அளவுகோலில் அது சரியாகவே இருக்கட்டும். திறமை உண்டென்றால் திறமைசாலிகள் திரும்பத் திரும்ப வெல்வார்கள். ஆதிக்கம் உருவாகியே தீரும். உருவாகவும் செய்தது. 2015-இல் அமெரிக்காவின் ஒருநாள் பேஸ்பால் போட்டிகளை ஆராய்ந்தவர்கள், ஆடியோரில் 1.3 விழுக்காட்டினரே லாபத்தில் 91 விழுக்காட்டை அள்ளினர் என்று கண்டார்கள்.

ஆக, ஆதிக்க அணிகள் அங்கும் இருந்தன. ஆனால் விளம்பரத்தில் அவை வந்தனவா? முதல்முறை விளையாடிக் கோடி வென்றவரின் படம்தான் வந்தது. நண்பர்களின் லீகில் ஆதிக்கக்காரரைப் பெயர் சொல்லித் திட்டலாம், விதியை மாற்றி மடக்கலாம். செயலியிலோ அவர் எண்ணற்ற அணிகளோடு மறைந்திருக்கிறார், எதிரே இருப்பவர் தம்மைப் போன்ற ஒரு சாதாரண ரசிகர் என்று நம்பி நூறு ரூபாய் கட்டுகிறார் கல்லூரி மாணவர். திறமை ஆட்டம் என்ற வாதம், சொன்னவர்களையே அல்லவா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது!

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்தது; 2020-இல் ஐ.பி.எல். போட்டியின் பெயர் உரிமையையும், 2023 முதல் இந்திய அணியின் சட்டையையும் விலைக்கு வாங்கியிருந்த ட்ரீம்11 தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. அரசின் வரி ஆசையையும் ஒழுக்க ஆவேசத்தையும் பற்றித் தனியே எழுதலாம், இங்கே வேண்டாம். தடைக்கு எதிராகக் குரல் கொடுக்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: இத்தனை ஆண்டுகளில் அந்தச் செயலிகளில் வென்ற பத்துப் பேரின் பெயரைச் சொல்லுங்கள். யாரை வென்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.